நங்கையா முன்கூட்டியே சொன்ன ஸ்தோத்திரம்

மைக்கைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பயம். கல்யாண மண்டபத்து மைக்கையோ கட்சிக் கூட்டத்து மைக்கையோ சொல்லவில்லை. எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடியப்போகும் நேரத்தில், "சாட்சி சொல்லப் பிரியப்படுகிறவர்கள் சொல்லலாம்" என்று போதகர் அறிவித்ததும் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி வருமே, பேட்டரி மூடி கழன்று விழாதபடி பச்சை ரப்பர் பேண்டு சுற்றிய கறுப்பு மைக், அதைச் சொல்கிறேன். அது எங்கள் வரிசைப் பக்கம் வரும்போதே நான் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேட ஆரம்பித்துவிடுவேன். அதற்குள் என் பக்கத்தில் இருக்கும் நங்கையா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றிருப்பார். நங்கையா என்றால் எங்கள் கொங்குப் பக்கத்தில் கணவனுடைய அக்காவைக் கூப்பிடும் முறை. அவருடைய குரலுக்கு மைக்கே வேண்டியதில்லை. ஆனாலும் வாங்கி, உள்ளங்கையில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

சாட்சி என்றால் நடந்த காரியத்துக்கு நன்றி சொல்வது. மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனது, போர் போட்ட இடத்தில் தண்ணீர் வந்தது, இப்படி. எல்லோரும் காரியம் நடந்த பிறகு எழுந்திருப்பார்கள். நங்கையா மட்டும் நடப்பதற்கு முன்பே எழுந்துவிடுவார். மழையே காணாத வருஷத்தில் "நல்ல மழை குடுத்ததுக்கு ஸ்தோத்திரமுங்க" என்று சொல்லிவிட்டு உட்காருவார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். பெஞ்சுகளில் சிரிப்பு ஓடும். ஏன் நங்கையா இப்படி என்று கேட்டால், "கேட்டாச்சு, அவருங் கேட்டுட்டாரு. பொறவு நன்றிய எதுக்குக் கண்ணு தள்ளிப் போடோணும்?" என்பார். பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள்தான் எங்கள் சபையில் பாதிப் பேர். சம்பளத்துக்கு முன்னால் வாங்குகிற அட்வான்ஸ் நினைவுக்கு வந்ததோ என்னவோ, இளவட்டங்கள் அவருக்கு 'அட்வான்ஸ் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தவள்தான். அந்த அட்வான்ஸ் ஸ்தோத்திரம் என் வீட்டு வாசலுக்கு வரும்வரை.

என் வீட்டுக்காரர் பல்லடம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், வீட்டை ஒட்டி ஷெட் போட்டு, தையல் மெஷின்கள் வாங்கி ஜாப் ஒர்க் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுக்கிற வேலை. காலையில் ரேடியோவும் ஓவர்லாக் மெஷின் சத்தமும் சேர்ந்து கேட்டால்தான் எனக்கு விடிந்த மாதிரி இருக்கும். அப்புறம் நூல் விலை ஏறியது, வெளிநாட்டு ஆர்டர் நின்றது, துணி கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். டெய்லர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசி ஆள் போன அன்று இவர் மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பழைய வேட்டிகளால் மூடினார். மூடிவிட்டு வந்து கட்டிலில் படுத்தார். அசதி, இரண்டு நாளில் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் அப்படியே கிடந்தார். தாடி வளர்ந்தது. ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவார், மூன்றாவது வாய்க்கு உதட்டை இறுக்கிக்கொள்வார். "என்னங்க பண்ணுது, சொன்னாத்தானுங்க தெரியும்" என்று கெஞ்சினால், "ஒண்ணுமில்ல" என்று சுவரிடம் சொல்வார். எந்தப் பெண்ணையும் நிமிர்ந்து பார்க்காத மனுஷன், குடி சிகரெட் கிடையாது, மெஷின் சத்தத்தை வைத்தே இன்ன ரிப்பேர் என்று சொல்கிறவர், குளிக்கச் சொன்னால் குழந்தை மாதிரி அழுதார். கால் ஒடிந்திருந்தால் மாவுக்கட்டைக் காட்டி நான் ஊரைக் கூட்டியிருப்பேன். இதை எந்தப் பெயர் சொல்லி யாரிடம் காட்டுவது? எனக்கு வெட்கமாக இருந்தது. பாவமாக இருந்தது என்று சொன்னால் நன்றாயிருக்கும், ஆனால் முதலில் வந்தது வெட்கம்தான்.

அதனால் அவரை அகமதாபாத்துக்கு அனுப்பிவிட்டேன். வாயால்தான். "அங்க ஒரு கம்பெனியில மெஷின் மெக்கானிக்கா போயிருக்காருங்க" என்று அக்கம்பக்கத்தில், சபையில், நர்சிங் படிக்க ஹாஸ்டலில் இருந்த மகளிடம்கூடச் சொன்னேன். ஒரு பொய்யைச் சொல்வது லேசு, அதற்குச் சோறு போட்டு வளர்ப்பது இருக்கிறதே, அப்பப்பா! அவருடைய செருப்பை வாசலிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன். அவர் துணியை வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டி உலர்த்தினேன். இருமல் சத்தம் வெளியே போகாமலிருக்க டிவியைச் சத்தமாக வைத்தேன். நங்கையா முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், தைத்து வரும் பனியனில் ஓட்டை, அழுக்கு பார்த்துப் பிரிக்கிற வேலை. சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே என்று நானும் அங்கேயே சேர்ந்தேன். காலையில் கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் அவருக்கு இட்லியும் தண்ணீரும் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவை வெளியே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வேன். அவருடைய பாதுகாப்புக்குத்தான் பூட்டுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் கதவைத் தள்ளிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்குத்தான் பூட்டினேன்.

இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் நங்கையா. கல்யாணமான சில வருஷங்களிலேயே கணவரை இழந்து, பிள்ளையும் இல்லாமல், இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தவர். அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்ததும் அவர்தான். ஷிப்டு முடிந்து வேனிலிருந்து இறங்கினால் நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். வந்து ஜெபம் பண்ணுவார், வேத வசனம் சொல்வார் என்று நினைத்தால் அதெல்லாம் கிடையாது. கட்டிலுக்குக் கீழே தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, வீட்டுக்கு எடுத்து வந்த பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டே கம்பெனிக் கதை பேசுவார். "இன்னைக்கு அந்த ஒடிசாப் புள்ள சூப்பர்வைசரு மூஞ்சிக்கு நேரா இந்தியில என்னமோ சொல்லிப் போட்டா சாமி. அவனுக்கும் புரியலை, எங்களுக்கும் புரியலை, ஆனா எல்லாத்துக்கும் நெம்ப சந்தோசம்." தம்பி பதில் சொல்ல மாட்டார். பதில் வராத இடத்தில் சற்று நிறுத்தி, பதில் வந்துவிட்டது போலவே மேலே பேசுவார். எனக்கானால் எரிச்சலாக வரும். கல்லோடு பேசுகிற மாதிரி இருக்கிறதே, இவருக்குச் சலிக்காதா என்று தோன்றும்.

அவருக்கும் சலித்தது. அதை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். விறகு எடுக்க ஷெட்டுப் பக்கம் போனபோது, மூடிக்கிடந்த மெஷின் ஒன்றின் மேல் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தார். "என்னால முடியலீங்க ஆண்டவரே. இன்னும் எத்தனை நாளைக்குங்க? அவனைப் பாக்கப் பாக்க எனக்கு வெசனமா இருக்குது" என்று, எதிரே முதலாளி உட்கார்ந்திருப்பது போலக் கணக்காக மரியாதையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய குரல் அப்போது நூல் மாதிரி இருந்தது. நான் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன். சற்று நேரத்தில் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, "தம்பி, இன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

கோயமுத்தூரில் மனநல டாக்டர் ஒருவர் இருக்கிறார், கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவர்தான் முதலில் சொன்னார். கம்பெனியில் யாரோ சொல்லி விசாரித்து வைத்திருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்காங்க? யாராச்சும் பார்த்துட்டா என்ன பண்றதுங்க? புள்ளைக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கோணுமல்ல?" என்றேன். கார் வைத்துப் போகலாம் என்றார். கார் வாசலில் வந்து நின்றால் கேட்க மாட்டார்களா, அகமதாபாத்தில் இருக்கிறவர் எப்படி இங்கே கார் ஏறினார் என்று? நங்கையா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அப்போது எங்கள் சபைக்குப் புதிதாக ஒரு இளம் போதகர் வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நங்கையாவின் அட்வான்ஸ் வழக்கம் அவருக்குத் தெரியாது. மைக் வந்தது. நான் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். நங்கையா எழுந்து தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ற தம்பி மாசக்கணக்கா மனசு ஒடைஞ்சு, எந்திரிக்க முடியாம ஊட்டுலயே கெடந்தானுங்க. ஆண்டவர் அவனை எழுப்பி விட்டுட்டாருங்க. அவருக்கு ஸ்தோத்திரமுங்க." முன்பெஞ்சுகளிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. அகமதாபாத் அந்த நிமிஷமே அழிந்துபோயிற்று. பழைய ஆட்களுக்கு நங்கையாவின் வழக்கம் தெரியும் என்றாலும், இவ்வளவு பெரிய காரியத்தை நடக்காமல் சொல்வாரா என்று நம்பிவிட்டார்கள். போதகருக்கோ கண் கலங்கிவிட்டது. சுகமானவர் வீட்டுக்குச் சபையாகப் போய் நன்றிப் பாட்டுப் பாடிவிட்டு வருவது எங்களிடம் உள்ள பழக்கம். "இன்னைக்கே எல்லாருமாப் போயி அந்த சகோதரரப் பாத்துட்டு வருவோம்" என்று அவர் அறிவித்தார். சபை முழுக்க அல்லேலூயா என்றது.

மோட்டார் சைக்கிளிலும் ஷேர் ஆட்டோவிலும் நடந்தும் அத்தனை பேரும் கிளம்பினார்கள். போகிற வழியில் ஒருவர் வாழைப்பழத் தார் வாங்கிக்கொண்டார். நோம்பிக்கு, ஊர்த் திருவிழாவுக்குப் போகிற மாதிரி இருந்தது. நான் முன்னால் ஓடவும் முடியாமல் பின்தங்கவும் முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டேன். சந்துக்குள் நுழைந்து வாசலுக்கு வந்தால், கதவில் பூட்டு தொங்குகிறது. நான்தானே காலையில் பூட்டிவிட்டுப் போனேன். "தம்பி எங்கியோ வெளிய போயிருக்காப்ல இருக்குது, நடக்கற அளவுக்கு ஆயிருச்சாட்ட இருக்குது" என்று ஒரு பெரியவர் சந்தோஷமாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டது. அன்றைக்கு டிவி போட மறந்திருந்தேன். எல்லோருடைய கண்ணும் பூட்டுக்குப் போய், பூட்டிலிருந்து என் கைப்பைக்கு வந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்பார்களே, நான் நின்றது அந்த மாதிரி நிற்பதுதான்.

சாவியைத் தேடுகிறேன், சீப்பு வருகிறது, சில்லறை வருகிறது, சாவி வரமாட்டேன் என்கிறது. நங்கையா வந்து பையை வாங்கி, சாவியை எடுத்துத் திறந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை, எனக்காக ஒரு சமாதானமும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். அவருடைய உடம்புக்கு அந்த வாசல் சரியாக இருந்தது. "இன்னும் எந்திரிக்கலீங்க. எந்திரிப்பானுங்க. எல்லாரும் அப்படியே ஷெட்டுல உக்காருங்க, காப்பி வெக்கறேன்" என்றார். பழத்தார் வாங்கி வந்தவர், "அப்பறம் எதுக்குங்க எழுப்பி விட்டுட்டாருன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். நங்கையா கொஞ்சமும் அசரவில்லை. "அவரு எழுப்பி விட்டாச்சுங்க. இவனுக்குத்தான் இன்னும் சேதி வந்து சேரலை." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனாலும் உட்கார்ந்தார்கள். மூடிக்கிடந்த மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்து பாடினார்கள், பழம் தின்றார்கள், காப்பி குடித்தார்கள். நான் அடுப்படியில் பாத்திரத்துக்குப் பின்னால் பாத்திரமாக நின்றிருந்தேன். கட்டிலில் அவர் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு கிடந்தார்.

எல்லோரும் போனபின் நான் வெடித்தேன். "எங்க மானத்தைக் கப்பலேத்திட்டீங்களே! சந்தோசமாங்க உங்களுக்கு? இனி நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு வேன்ல ஏறுவேன்?" வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். நங்கையா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "வெக்கமாத்தான் இருக்கும் கண்ணு. எனக்கும் இருந்துது. சரி, இனி யாரு பார்த்தா என்ன? நாளைக்குப் பஸ்ஸுலயே ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமல்ல?" என்றார். வேண்டுமென்றே செய்தாரா, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் தைரியம் வந்ததில்லை.

மறுநாள் பஸ்ஸில் போனோம். நங்கையா தம்பியின் கையைப் பிடித்து ஜன்னலோரம் உட்கார வைத்தார். நான் அவர்களோடு சம்பந்தமே இல்லாதவள் போல மூன்று சீட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். டாக்டர் பொறுமையானவர். இது வியாதி, சுகர் பிரஷர் மாதிரி இதற்கும் மாத்திரை உண்டு, ஆனால் நாளாகும் என்றார். நாளாயிற்று. மாத்திரை முதலில் தூக்கத்தைத்தான் கொடுத்தது. ஒரு வாரம் எழுந்து உட்காருவார், அடுத்த வாரம் பழையபடி சுவர். நங்கையா ஞாயிறு தவறாமல் எழுந்து அதே ஸ்தோத்திரத்தைச் சொன்னார். கம்பெனி வேனில் குசுகுசுத்தார்கள். சபையில் மைக் அவரிடம் போகாதபடி வேறு வரிசையில் சுற்றி விட்டார்கள், அவர் மைக் இல்லாமலே சொன்னார். போதகர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "அக்கா, நடந்ததத்தான சாட்சியாச் சொல்லணும்? ஜனங்க ஒரு மாதிரியாப் பேசுதாங்க" என்று தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். "சரீங்க பாஸ்டர்" என்றார் நங்கையா. அடுத்த ஞாயிறும் எழுந்தார். நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் எழுந்தது எப்படி என்றால், சொன்னால் சிரிப்பீர்கள். பக்கத்து ஷெட்டை வாடகைக்கு எடுத்த பையன்கள் ஒரு பழைய ஓவர்லாக்கை வைத்துக் கடகடவென்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு விடுமுறை நாள் காலையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன், கட்டில் பக்கமிருந்து, "எந்த முட்டாப்பய அந்த மெஷின ஓட்டறான்? எண்ணெய்னா என்னன்னு தெரியுமா அவனுக்கு?" என்று குரல் வருகிறது. திரும்பிப் பார்த்தால் மனுஷன் லுங்கியைக் கட்டிக்கொண்டு, தாடியும் மீசையுமாக வெளியே போகிறார். போய் அந்தப் பையன்களை நாலு வாங்கு வாங்கிவிட்டு, மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் நங்கையாவிடம் சொன்னேன். "திட்டுனானா? நெசமாவா? என்னன்னு திட்டுனான்?" என்று என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டார். ஒவ்வொரு முறை 'முட்டாப்பய' வரும்போதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அதன்பிறகும் மாத்திரை நிற்கவில்லை. இன்றும் சாப்பிடுகிறார். ஒரு கம்பெனியில் மெக்கானிக்காக வேலைக்குப் போகிறார். அவர் முதல் முறையாக ஷேவ் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சபைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாட்சி நேரம் வந்ததும் போதகர் தானே இறங்கி வந்து மைக்கை நங்கையாவிடம் நீட்டினார். "அக்கா, இன்னைக்கு நீங்கதான் சொல்லணும்." நங்கையா எழுந்தார். "தம்பிக்காகத்தான் அப்பவே சொல்லிட்டனுங்களே பாஸ்டர். சொன்னதையே எத்தனை தடவைங்க சொல்றது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். உட்காராமல் என் தோளில் கையை வைத்தார். "இந்தப் புள்ள வெக்கத்துல நெம்பக் கஷ்டப்பட்டுட்டாளுங்க. ஆண்டவர் அந்த வெக்கத்த எடுத்துப் போட்டுட்டாருங்க. அதுக்காக இன்னைக்கு ஸ்தோத்திரம் சொல்றனுங்க."

வாசலில் பூட்டைத் திறக்க முடியாமல் நின்றபோதுகூட எனக்கு அப்படிக் கூசவில்லை. தம்பியைத் தூக்கி நிறுத்தத்தான் இவர் போராடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிவி சத்தத்தையும் உள்ளே காய்ந்த துணியையும் பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்ததையும் பார்த்துக்கொண்டே, ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல், ஆண்டவரிடம் எனக்காகவும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் வெட்கமோ ஒரு இம்மியும் குறையவில்லை. மருந்துக்கடையில் மாத்திரைச் சீட்டை மடித்தே நீட்டுவேன். யாராவது கேட்டால் சத்து மாத்திரை என்பேன். நங்கையா பக்கத்தில் நிற்கும்போதே அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒன்றும் கேட்காதவர் மாதிரி, "வா கண்ணு, போலாம்" என்பார். அவருக்கு எதற்கும் அவசரமே இருந்ததில்லை.

நங்கையா இந்தக் கோடையில் இறந்துபோனார். கம்பெனியில் நின்றபடி வேலை செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். அடக்க ஆராதனையில் இரண்டு வார்த்தை பேச என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்து, தான் கிடந்த கிடையை, ஒன்றையும் மறைக்காமல், எந்த டாக்டர் என்ன மாத்திரை என்பது வரைக்கும் சொன்னார். "நான் நானா இல்லாதப்பக்கூட அக்கா எங்கிட்டப் பேசிட்டே இருந்தாங்க" என்றார். பேசி முடித்து மைக்கை என்னிடம் நீட்டினார். நான் அதை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கும்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து குழாயடியில் கால் கழுவும்போது, பின்னால் நின்ற ஒரு பெண் என் முந்தானையைத் தொட்டாள். சேவூர்ப் பக்கம் இருந்து வந்திருந்த தூரத்து உறவு, சின்ன வயசு. "ஏனுங்க அக்கா, அண்ணன் சொன்ன டாக்டரு... எங்க ஊட்டுலயும் அவரு ரெண்டு மாசமா அப்படித்தானுங்க இருக்காரு. யாருகிட்டயும் சொல்லலீங்க. பெங்களூரு போயிருக்காருன்னு சொல்லி வெச்சிருக்கறேன்" என்றாள். சொல்லும்போதே சுற்றும் முற்றும் பார்த்தாள். அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் உள்ளே சாவி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. இடத்தைச் சொன்னேன், நேரத்தைச் சொன்னேன், முதலில் நீ மட்டும் வா, டாக்டரிடம் பேசிவிட்டு அப்புறம் அவரைக் கூட்டிப் போகலாம், நானும் வருகிறேன் என்றேன். எல்லாவற்றையும் காதோடு காதாகத்தான் சொன்னேன்.

போன வாரம் பல்லடம் ரோட்டில் பஸ் ஏறினோம். இந்த முறை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அடுத்த நிறுத்தத்தில் என் கூட செக்கிங் டேபிளில் நிற்கும் அம்மாள் ஏறி, எங்கள் எதிரிலேயே வந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஊர் முழுக்கச் செய்தி பரப்பச் சம்பளமே வேண்டாத ஆள். "என்னுங்க ரெண்டு பேரும், லீவு போட்டுட்டு எங்க கெளம்பிட்டீங்க?" என்றார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு என்றேன். "ஐயையோ, யாருக்குங்க, என்னாச்சு?" பக்கத்தில் இருந்தவளின் விரல்கள் என் கையை இறுக்கின. சத்து மாத்திரை என்கிற சொல் பழக்கமாக என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. கண்டக்டர்கூட டிக்கெட் கிழிக்காமல் எங்களையே பார்ப்பது போல இருந்தது.

"எங்க ஊட்டுக்காரருக்கு மனசுக்கு மாத்திரை வாங்கோணுமுங்க. அவரு மனசு ஒடைஞ்சு கெடந்தவருங்க, இப்ப நல்லாயிருக்காரு. தொணைக்கு இந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கிற அளவுக்குத்தான் வந்தது. அந்த அம்மாள் காதைக் கிட்டே கொண்டுவந்து, "என்னுங்க?" என்றார். முகம் தீயாகச் சுட்டது. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.